எலுமிச்சையில் சாறு உறிஞ்சும் பூச்சிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புளியங்குடி, கடையநல்லூர், சங்கரன்கோவில் பக்கம் ஏக்கர் கணக்கில் எலுமிச்சை வைத்திருப்பவர்களும் சரி, மாடியில் ஒரே ஒரு தொட்டி வைத்திருப்பவர்களும் சரி, முதலில் கேட்பது "என்ன மருந்து அடிக்கலாம்?" என்றுதான். மருந்து கடைசியில் வருகிற விஷயம். அதற்கு முன் மரத்தில் பார்க்க வேண்டியவை இரண்டு: ஒன்று கொழுந்து, இன்னொன்று எறும்பு. இந்த இரண்டையும் ஒழுங்காகப் பார்க்கிறவர்களுக்கு மருந்துச் செலவு பாதியாவது குறையும் என்பது என் எண்ணம். கீழே உள்ள பதில்களும் அதையே சுற்றிச் சுற்றி வரும். பெரும்பாலும் எலுமிச்சையை வைத்தே எழுதியிருக்கிறேன். சாத்துக்குடி, கமலா ஆரஞ்சு, நாரத்தைக்கும் பூச்சிகள் ஏறக்குறைய இவைதான்.

மரத்தில் இருப்பது எந்தப் பூச்சி என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு பத்து மடங்கு லென்ஸ் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் மரத்தின் நான்கு பக்கமும் ஒவ்வொரு கொழுந்து பிடித்துத் திருப்பிப் பாருங்கள்.

கொழுந்து சுருண்டு, அதன் தண்டில் கறுப்பாகவோ பச்சையாகவோ சின்னச் சின்னப் பூச்சிகள் ஒட்டிக்கொண்டு கும்பலாக இருந்தால் அசுவினி. சில ஊர்களில் செடிப்பேன் என்பார்கள். பழுப்பும் கறுப்புமாக இருக்கிற எலுமிச்சை அசுவினிதான் கவனிக்க வேண்டியது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இலையில் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, தலையைத் தாழ்த்திச் சாய்வாக ஒரு பூச்சி உட்கார்ந்திருந்தால் அது சில்லிட். சைலா என்றும் சொல்வார்கள். நீளம் மூன்று, நான்கு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். இறக்கையில் பழுப்புத் திட்டுகள் தெரியும். அந்தச் சாய்வு உட்காரலை ஒரு தடவை பார்த்தவர்களுக்குப் பிறகு லென்ஸே வேண்டாம். இதன் குஞ்சுகள் மஞ்சளும் ஆரஞ்சுமாகத் தட்டையாக, இளங்கொழுந்தின் இடுக்கில் கிடக்கும். அவற்றின் பின்னால் வெள்ளையாக, சுருண்ட நூல் போல மெழுகு தொங்கும்.

வெள்ளையாக மாவு தூவிய மாதிரி காம்பிலும், காயும் காயும் ஒட்டுகிற இடத்திலும் இருப்பது மாவுப்பூச்சி. பட்டையில், இலை நரம்பில், காய்த்தோலில் நகராமல் ஓடு போல ஒட்டிக்கொண்டிருப்பவை செதில் பூச்சிகள். நகத்தால் சுரண்டினால் ஓடு பெயர்ந்து வரும். அடியில் ஈரமான உடல் இருந்தால் உயிரோடு இருக்கிறது. காய்ந்த பொடியாக இருந்தால் எப்போதோ செத்துப்போனது. செத்த செதிலுக்கு மருந்தடிக்கிறவர்கள் நிறையப் பேர், ஓடு விழாமல் அப்படியே ஒட்டியிருப்பதால்.

இலையின் அடிப்பக்கத்தில் கறுப்பு முட்டை வடிவத்தில், ஓரத்தில் வெள்ளைக் கரையோடு ஒட்டியிருப்பவை கருப்பு ஈயின் குஞ்சுகள். கருப்பு ஈ முட்டையை வட்டச் சுருளாக இடும். கோலம் போட்ட மாதிரி இருக்கும், பார்த்தால் விட மனம் வராது. வெள்ளை ஈ என்றால் கொப்பை ஆட்டியதுமே வெள்ளையாகப் பறந்து மறுபடியும் வந்து உட்காரும்.

பழத்தில் காம்பைச் சுற்றி வெளிறிய வளையம் மாதிரி தழும்பு இருந்தால் அது பிஞ்சிலேயே இலைப்பேன் சுரண்டிய தடம். பழம் பெருத்தபிறகு மருந்தடித்து அந்தத் தழும்பை அழிக்க முடியாது.

அண்ணாச்சி, இலையெல்லாம் கரி பூசின மாதிரி கறுத்துப் போச்சு. பூஞ்சாண மருந்து அடிக்கவா?

வேண்டாம். அந்தக் கறுப்பு, கரும்பூசணம். அது இலைக்குள் இறங்குவதில்லை. பூச்சி குடித்த சாற்றில் மிஞ்சுகிற சர்க்கரை நீரை வெளியே விடுகிறது. பிசுபிசுப்பாக இலைமேல் விழும் அந்த நீரில்தான் பூசணம் வளர்கிறது. விரலால் தேய்த்தால் கறுப்பு போய்விடும், கீழே பச்சை இலை நன்றாகவே இருக்கும். வெயில் இலையில் படாததால் மரம் இளைக்கிறது, காய் கறுத்துப்போனால் மண்டியில் விலை போகாது; கேடு அவ்வளவுதான். பூச்சி அடங்கினால் பூசணம் தானாகக் காய்ந்து உதிரும்.

உடனே உதிர வேண்டுமென்றால் மைதாப் பசை அடிக்கலாம். ஒரு கிலோ மைதாவை ஐந்து லிட்டர் தண்ணீரில் காய்ச்சி, ஆறவிட்டு, வடிகட்டி, இருபது லிட்டராக்கி, நல்ல வெயில் நாளில் காலையில் தெளியுங்கள். காய்ந்ததும் பசை அப்பளம் போல உரிந்து பூசணத்தையும் கூட்டிக்கொண்டு விழும். மேகம் மூட்டமாக இருக்கிற நாளில் அடித்தால் பசை இலையிலேயே கிடக்கும். வடிகட்டாமல் ஊற்றினால் நாசில் அடைத்து, அன்றைய பொழுது அதைக் குத்தி எடுப்பதிலேயே போய்விடும்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. மேலே அண்ணாந்து பாருங்கள். தென்னைக்குள் ஊடுபயிராக எலுமிச்சை வைத்தவர்கள் பலர், எலுமிச்சையில் பூச்சியே இல்லாமல் இலை மட்டும் கறுக்கிறது என்று குழம்புகிறார்கள். 2016-ல் பொள்ளாச்சிப் பகுதியில் முதலில் தென்பட்ட சுருள் வெள்ளை ஈ இப்போது தென்னை இருக்கிற இடமெல்லாம் இருக்கிறது. அது தென்னை ஓலையின் அடியில் உட்கார்ந்து சாறு குடிக்கும். இனிப்பு நீர் கீழே உள்ள எலுமிச்சை, வாழை, பாக்கு எதன் மேலும் விழும். அப்படியென்றால் எலுமிச்சைக்கு மருந்தடித்துப் பயனில்லை. அந்த வெள்ளை ஈக்கு என்கார்சியா என்ற சின்னக் குளவி ஒட்டுண்ணி இருக்கிறது. அது பெருகுவதற்காகத்தான் தென்னையில் பூச்சிக்கொல்லி அடிக்காதீர்கள் என்று வேளாண் பல்கலைக்கழகம் திரும்பத் திரும்பச் சொல்கிறது.

எறும்புதானே, அது என்ன செய்யப்போகிறது?

எறும்பு இலையைக் கடிக்காது, காயைத் தொடாது. ஆனால் மாவுப்பூச்சி, அசுவினி, பச்சைச் செதில் இவற்றின் இனிப்பு நீருக்காக அவற்றைக் காவல் காக்கும். பூச்சியைத் தின்கிற பொறிவண்டு வந்தால் கடித்து விரட்டும். பூச்சியின் மேல் முட்டையிட்டு அதைக் கொல்கிற ஒட்டுண்ணிக் குளவி இறங்கினால் விடாது. எறும்பு வரிசை ஏறுகிற மரத்தில் எத்தனை தடவை மருந்தடித்தாலும் ஒரு மாதத்தில் மாவுப்பூச்சி திரும்ப வருவது இதனால்தான்.

எறும்பைத் தடுப்பது செலவில்லாத வேலை, ஆனால் முழுதாகச் செய்ய வேண்டும். மரத்துக்கு எறும்பு ஏற வழி தூர் மட்டுமல்ல. தரையைத் தொடுகிற கொப்பு ஒரு வழி, தூரை ஒட்டி வளர்ந்த புல் ஒரு வழி, முட்டுக் கொடுத்த கம்பு ஒரு வழி, பக்கத்து மரத்தோடு உரசுகிற வாது இன்னொரு வழி. தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு உள்ள கொப்புகளைக் கவாத்து செய்துவிட்டு, களை எடுத்து, அதன்பிறகு தூரில் பட்டை கட்டுங்கள். கிரீஸை நேரடியாகப் பட்டையில் தடவக் கூடாது; இளமரத்தில் பட்டை வெந்துவிடும். ஒரு சாண் அகலத்துக்குத் துணியோ பழைய பிளாஸ்டிக் தாளோ இறுக்கமாகச் சுற்றி, அதன்மேல் தடவுங்கள். தூசியும் செத்த எறும்பும் ஒட்டிப் பாலமாகிவிடும், அதனால் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை சுரண்டிவிட்டுப் புதிதாகத் தடவ வேண்டும். வருஷத்துக்கு இரண்டு முறையாவது சுற்றைத் தளர்த்திக் கட்டாவிட்டால் மரத்தில் தழும்பு விழும்.

முசுறு விஷயம் வேறு. இலையைப் பின்னிக் கூடு கட்டுகிற இந்தச் சிவப்பு எறும்பைத் தென் சீனாவில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஆரஞ்சுத் தோட்டங்களில் காவலுக்கு வைத்திருக்கிறார்கள். கூட்டோடு விலைக்கு வாங்கி மரத்தில் கட்டி, மரத்துக்கு மரம் மூங்கில் பாலம் போட்டுவிடுவார்கள். காயில் துளையிடுகிற நாவாய்ப்பூச்சியையும் புழுவையும் அது நன்றாகவே வேட்டையாடும். ஆனால் அதுவும் மாவுப்பூச்சியையும் செதிலையும் பாதுகாக்கும். போதாததற்கு, காய் பறிக்கிற ஆளுக்குக் கடி விழுந்தால் மறுநாள் வேலைக்கு வர மாட்டார்.

மாவுப்பூச்சிக்குப் பொறிவண்டு விடலாம் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. கிரிப்டோலேமஸ் என்ற ஆஸ்திரேலியப் பொறிவண்டு 1898-லேயே இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது, காபியில் வந்த பச்சைச் செதிலுக்காக. செதிலை அது பெரிதாகக் கட்டுப்படுத்தவில்லை. மாவுப்பூச்சிக்குத்தான் பெயர் வாங்கியது. மரத்துக்குப் பத்து வண்டு என்ற கணக்கில் விடச் சொல்வார்கள். மாலை நேரத்தில், பூச்சி நிறைய உள்ள கொப்பில் விடுங்கள். எறும்பைத் தடுக்காமல் விட்டால் காசு வீண். விடுவதற்கு முன்னும் பின்னும் சில வாரங்களுக்கு ரசாயனம் அடிக்கக் கூடாது.

முக்கியமான ஒன்று: இந்த வண்டின் புழு பார்ப்பதற்கு அசல் மாவுப்பூச்சி மாதிரியே இருக்கும். உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு, நூல் நூலாக. "வண்டு விட்டபிறகு மாவுப்பூச்சி பெரிசு பெரிசா ஆயிடுச்சு" என்று மருந்தடித்து, காசு கொடுத்து வாங்கியதையே கொன்றவர்கள் உண்டு. ஒரு குச்சியால் தொட்டுப் பாருங்கள். மாவுப்பூச்சி ஆடி அசைந்து நகரும், சில சமயம் நகரவே நகராது. வண்டின் புழு சட்டென்று ஓடும். மெழுகு நூலும் அதற்கு நீளம்.

பொறிவண்டு ஒரு தொழிலையே காப்பாற்றிய கதை எலுமிச்சைக் குடும்பத்தில்தான் நடந்தது. 1880-களில் கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களைப் பஞ்சுச் செதில் பூச்சி அழித்துக்கொண்டிருந்தது. 1888-ல் ஆல்பர்ட் கோபெலே என்பவர் ஆஸ்திரேலியாவுக்குப் போய், அந்தப் பூச்சியைத் தின்கிற வெடாலியா வண்டு சில நூறை அனுப்பிவைத்தார். இரண்டு வருஷத்துக்குள் செதில் அடங்கிவிட்டது. அதே செதில் 1920-களின் இறுதியில் நீலகிரியின் சீகை மரங்களில் தலைகாட்டியபோது, அதே வண்டைத்தான் இங்கேயும் இறக்கினார்கள்.

சரி, மருந்து எப்போதுதான் அடிப்பது?

கொழுந்து வரும்போது. அசுவினி, சில்லிட், இலைப்பேன் எல்லாமே இளங்கொழுந்தில்தான் பெருகும். சில்லிட் முட்டையிடுவதே விரியாத கொழுந்தில்தான்; ஒரு பெண் பூச்சி 800 முட்டை வரை இடும். இலை முற்றிவிட்டால் அதற்கு அங்கே வேலை இல்லை. ஆகவே காலண்டரைப் பார்த்து மாதம் ஒரு தடவை அடிப்பதில் அர்த்தமே கிடையாது. மழைக்குப் பிறகோ, காயவிட்டுத் தண்ணீர் கட்டிய பிறகோ மரம் ஒரே சீராகத் துளிர்க்கும். கொழுந்து விரலில் பாதி நீளம் வரும்போது ஒரு சுற்று போய்ப் பாருங்கள். பூச்சி தென்பட்டால் அப்போது ஒரு தெளிப்பு, பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத் தேவைப்பட்டால் இன்னொன்று. கொழுந்து முற்றியபிறகு அடிப்பது பெரும்பாலும் மனத்திருப்திக்கு.

பார்ப்பதற்கு ஒரு சுலபமான வழி: ஒரு வெள்ளைத் தாளையோ தட்டையோ கொப்பின் அடியில் பிடித்து, கொப்பைக் குச்சியால் மூன்று தட்டு தட்டுங்கள். சில்லிட், இலைப்பேன், பொறிவண்டு எல்லாம் தாளில் விழும். தாளில் பொறிவண்டும் அதன் புழுவும் நிறைய விழுந்தால் டேங்கை எடுக்காமல் ஒரு வாரம் பொறுங்கள். குறிப்பாக அசுவினி, கோடையின் சூட்டிலும் பொறிவண்டு வாயிலும் தானாகவே குறையும்.

செதிலுக்கும் மாவுப்பூச்சிக்கும் கணக்கு வேறு. வளர்ந்த செதில் ஓட்டுக்குள் இருக்கும், மாவுப்பூச்சி மெழுகுக்குள் இருக்கும். மருந்து உள்ளே போகாது. முட்டை பொரித்து, ஊர்ந்து இடம் தேடுகிற குஞ்சுப் பருவத்தில்தான் சாகும். லென்ஸில் அந்த ஊரும் குஞ்சுகள் தெரிகிற நாள்தான் அடிக்க வேண்டிய நாள்.

வேப்பங்கொட்டைச் சாறு எப்படித் தயார் செய்வது?

100 லிட்டருக்கு ஐந்து கிலோ பருப்பு. ஓடு நீக்கிய பருப்பு, ஓட்டோடு சேர்ந்த கொட்டை இல்லை. அந்த வருஷத்துக் கொட்டையாக, நிழலில் காய்ந்ததாக இருக்க வேண்டும். பூசணம் பிடித்தது ஆகாது. இடித்து, பத்து லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறப் போடுங்கள். காலையில் கட்டையால் நன்றாகக் கலக்கினால் பால் மாதிரி வெளுக்கும். இரட்டைத் துணியில் வடிகட்டி, 100 லிட்டராக்கி, 200 கிராம் காதி சோப்பைக் கரைத்துச் சேருங்கள். சாயங்காலம் அடியுங்கள், வேம்பில் உள்ள அசாடிராக்டின் வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடும். தயாரித்த அன்றே தீர்த்துவிட வேண்டும்.

இது அடித்தவுடன் பூச்சி விழாது. முட்டையிடுவது குறையும், குஞ்சு தோலுரிக்க முடியாமல் போகும். மறுநாள் போய்ப் பார்த்து "ஒண்ணும் கேக்கலை" என்று வேறு மருந்துக்கு ஓடாதீர்கள்.

வேப்பெண்ணெய், சோப்புத் தண்ணீர், மீன் எண்ணெய் சோப்பு: எது நல்லது?

மூன்றும் பூச்சியின் மேல் நேராகப் பட்டால்தான் வேலை செய்யும். இலையின் மேல்பக்கம் நனைந்து சொட்டுவதைப் பார்த்துத் திருப்திப்படாமல், நாசிலைக் கீழிருந்து மேலாகத் திருப்பிப் பிடியுங்கள். பூச்சி இருப்பது அடிப்பக்கத்தில்.

செதிலுக்கும் மாவுப்பூச்சிக்கும் மீன் எண்ணெய் ரோசின் சோப்பு நன்றாகக் கேட்கும், லிட்டருக்கு 25 கிராம். வேப்பெண்ணெய் என்றால் லிட்டருக்கு 30 மில்லி வரை, சோப்போடு நன்றாகக் கலந்து பால் போல ஆனபிறகு. எண்ணெய் மேலே மிதந்தால் கலவை சரியில்லை; அப்படியே அடித்தால் கடைசி டேங்கில் இலை வெந்துபோகும்.

தண்ணீரைப் பாருங்கள். உப்பான போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, திரிந்து மிதக்கும். அந்தத் தண்ணீரில் அடித்துவிட்டு மருந்தைக் குறை சொல்கிறவர்கள் அதிகம். கிணற்றிலோ குளத்திலோ நல்ல தண்ணீர் எடுங்கள். உச்சி வெயிலிலும், மரம் தண்ணீர் இல்லாமல் வாடியிருக்கும்போதும் எண்ணெயோ சோப்போ அடிக்கக் கூடாது. முதலில் ஒரு கொப்பில் அடித்து இரண்டு நாள் பாருங்கள்.

கடையில் மூன்று மருந்தைச் சேர்த்துக் கலந்து அடிக்கச் சொல்கிறார்கள். அடிக்கலாமா?

கேட்டுவிட்டு வாருங்கள், வாங்காமல். அந்த மூன்றில் ஒன்று பெரும்பாலும் பைரித்ராய்டு என்ற வகைப் பூச்சிக்கொல்லியாக இருக்கும். வாசனையும் வேகமும் அதற்கு உண்டு, அடித்ததும் பூச்சி விழும். கூடவே நமக்கு உதவுகிற பொறிவண்டு, கண்ணாடி இறக்கைப் பூச்சி, ஒட்டுண்ணிக் குளவி எல்லாம் விழும். செதிலும், பழத்தோலைப் பழுப்பாக்குகிற துருச்சிலந்தியும் தப்பும். ஒரு மாதம் கழித்து, முன்பு மரத்தில் இல்லாத செதில் பட்டை முழுக்கக் கிளம்பும். அதற்கு இன்னொரு மருந்து.

லேபிளில் எலுமிச்சை, அந்தப் பூச்சி, அளவு மூன்றும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். குளோர்பைரிபாஸ் பழைய சிபாரிசுகளில் எலுமிச்சைக்கு இருக்கும். 2023-ல் மத்திய அரசு எலுமிச்சை வகைகளை அதன் லேபிளிலிருந்து நீக்கிவிட்டது. மோனோகுரோட்டோபாஸ் பக்கம் போகவே வேண்டாம்.

இமிடாகுளோபிரிட், தயமீத்தாக்ஸாம் எப்படி?

இவை மரத்துச் சாற்றில் கலந்து, சாறு குடிக்கிற பூச்சியைக் கொல்பவை. சில்லிட் கொழுந்து முழுக்க இருக்கும்போது இவற்றுக்கு இணையில்லை. தயமீத்தாக்ஸாம் 25 சதவீதத் தூள் என்றால் சில்லிட்டுக்கு ஹெக்டேருக்கு 100 கிராம், 1000 லிட்டர் தண்ணீரில். அதாவது பத்து லிட்டர் டேங்குக்கு ஒரே ஒரு கிராம். கண் அளவில் ஒரு மூடி என்று போட்டால் ஐந்தாறு மடங்கு ஆகிவிடும்.

இரண்டும் ஒரே குடும்பம். ஒன்று கேட்கவில்லை என்று இன்னொன்றுக்கு மாறுவதில் பயனில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை, மிஞ்சிப்போனால் இரண்டு தடவையோடு நிறுத்துங்கள். பூ இருக்கும்போது கூடவே கூடாது. எலுமிச்சைப் பூவுக்குத் தேனீ மொய்க்கும், தேனீக்கு இவை கொடிய விஷம். பூவும் கொழுந்தும் ஒன்றாக வருகிற மரத்தில் பூ கொட்டுகிற வரை வேப்பங்கொட்டைச் சாற்றோடு ஓட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

பூச்சி சாறு குடித்தால் குடிக்கட்டும் என்று விட்டால் என்ன?

மாவுப்பூச்சி, செதில் என்றால் ஓரளவு விடலாம். அசுவினியிலும் சில்லிட்டிலும் விஷயம் சாறு மட்டுமில்லை, அவை நோயைக் கொண்டுவருகின்றன.

பழுப்பு அசுவினி டிரிஸ்டிசா வைரஸைப் பரப்பும். எலுமிச்சை இதற்கு மிகவும் மென்மையானது. ஆய்வகங்களில் இந்த வைரஸைக் கண்டுபிடிக்கவே நம் எலுமிச்சைக் கன்றைத்தான் சோதனைச் செடியாக வைப்பார்கள். இளம் இலை ஒன்றைச் சூரியனுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நரம்புகளில் அங்கங்கே கோடு கோடாக வெளிறித் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். பட்டையை உரித்தால் கட்டையில் குழி குழியாக இருக்கும். மரம் உடனே சாகாது. காய் சிறுத்து, நுனி காய்ந்து, வருஷா வருஷம் இளைக்கும்.

சில்லிட் கொண்டுவருவது பசுமையாதல் நோய், மரத்தின் சாற்றுக் குழாய்க்குள் வாழ்கிற பாக்டீரியா. சில்லிட்தான் இதைப் பரப்புகிறது என்று 1967-ல் இந்திய ஆய்வாளர்கள் நிரூபித்தார்கள். சாத்துக்குடியும் கமலா ஆரஞ்சும் இதில் எலுமிச்சையைவிட அதிகம் அடிபடும். இது என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவின் புளோரிடாவைப் பார்த்தால் போதும். அங்கே சில்லிட் 1998-ல் தென்பட்டது, நோய் 2005-ல். 2003-04-ல் 24.2 கோடி பெட்டி ஆரஞ்சு எடுத்த மாநிலம் 2022-23-ல் எடுத்தது 1.58 கோடி பெட்டி. அந்த வருஷப் புயலுக்கும் அதில் பங்கு உண்டு, ஆனால் மரங்கள் அதற்கு முன்பே நோயில் தளர்ந்து போயிருந்தன.

இலை மஞ்சளானாலே பசுமையாதல் என்று பயப்பட வேண்டாம். துத்தநாகக் குறைபாட்டில் நடு நரம்புக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மஞ்சள் விழும். பசுமையாதலில் ஒரு பக்கம் ஒரு மாதிரி, மறுபக்கம் வேறு மாதிரித் திட்டுத் திட்டாக இருக்கும். ஆரஞ்சு, சாத்துக்குடி என்றால் காய் கோணலாகி, அடிப்பக்கம் பச்சையாகவே நிற்கும். உறுதியானால் அந்த மரத்துக்கு மருந்து கிடையாது. வெட்டுவதற்கு முன் ஒரு தெளிப்பு அடித்துவிட்டு வெட்டுங்கள். இல்லாவிட்டால் அதிலிருக்கும் சில்லிட் பறந்து பக்கத்து மரத்துக்குப் போகும்.

கறிவேப்பிலை பக்கத்தில் இருக்கலாமா?

கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே குடும்பம், சில்லிட்டுக்கு இரண்டும் பிடிக்கும். வீட்டுக்கு ஒரு மரம் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். கொழுந்து பறித்துச் சமைத்துக்கொண்டே இருந்தால் பூச்சிக்கும் இடம் குறைவு. ஆனால் எலுமிச்சைத் தோட்டத்து வேலியோரம் வரிசையாகக் கறிவேப்பிலை வைப்பதும், அழகுக்குக் காமினிச் செடி வைப்பதும் சில்லிட்டுக்கு வீடு கட்டிக்கொடுக்கிற வேலை.

நாற்று வாங்கும்போது என்ன பார்க்கணும்?

எலுமிச்சையைப் பெரும்பாலும் விதை நாற்றாகவே வைக்கிறோம். நல்லதுதான், டிரிஸ்டிசா விதை வழியாக வராது. அதனால் விதை போட்ட அன்று நாற்று சுத்தம். பிறகு நாற்றங்காலில் ஒரு வருஷம் திறந்த வெளியில் நிற்கும்போது அசுவினியும் சில்லிட்டும் வந்து ஏற்றிவிட்டுப் போகின்றன. வலைக்குடிலுக்குள் வளர்த்த நாற்று கொஞ்சம் விலை கூடினாலும் அதையே வாங்குங்கள். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம். 1 ரகத்தைக் கேட்டு வாங்கலாம். வண்டியில் ஏற்றுமுன் இலைக் கோணத்திலும் வேரிலும் மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள்.

உரத்துக்கும் பூச்சிக்கும் சம்பந்தம் உண்டா?

யூரியாவை ஒரே தடவையாகக் கொட்டினால் மரம் தளதளவென்று துளிர்க்கும், முதல் விருந்தாளி அசுவினி. பிரித்துப் பிரித்துக் கொடுங்கள், தொழு உரத்தோடு.

இலையில் வெள்ளிக் கோடு கோடாகப் பாம்பு ஊர்ந்த மாதிரி இருக்கிறது. இதுவும் சாறு உறிஞ்சியா?

இல்லை, இலைத் துளைப்பான். அந்துப்பூச்சியின் புழு இலைத் தோலுக்குள் சுரங்கம் போடுகிறது. இதுவும் கொழுந்தில்தான் வரும், வேப்பங்கொட்டைச் சாறே போதும். வளர்ந்த மரத்தில் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம், கன்றில் மட்டும் கவனியுங்கள். கோடு விழுந்த இலையைக் கிள்ளிப் போடாதீர்கள். கிள்ளினால் புதுக் கொழுந்து வரும், அதிலும் கோடு விழும்.

பழத்தோல் துருப்பிடித்த மாதிரி பழுப்பாகிறதே?

சிலந்தி வகை, துருச்சிலந்தி. அது பூச்சியே இல்லை, அதனால் பூச்சிக்கொல்லி கேட்காது. நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 முதல் 3 கிராம், வெயில் தணிந்த நேரத்தில். வேப்பெண்ணெய் அடித்து மூன்று வாரம் ஆகாமல் கந்தகம் அடித்தால் இலை கருகும்.

பழுத்த சாத்துக்குடியில் ஊசி குத்தின ஓட்டை, பழம் அழுகி விழுகிறது. பூச்சியையே காணோம்?

பகலில் தேடினால் கிடைக்காது. பழச்சாறு உறிஞ்சும் அந்துப்பூச்சி ராத்திரி வரும். பெரியது, பின் இறக்கை ஆரஞ்சு நிறத்தில் கறுப்புப் பட்டையோடு இருக்கும். பழத்தோலைத் துளைக்கிற அளவு பலமான உறிஞ்சுகுழல் அதற்கு. டார்ச்சோடு போனால் பழத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம், கண் மின்னும்.

இதன் புழு சாத்துக்குடி இலையைத் தொடாது. வேலியில் படர்ந்திருக்கும் சீந்தில் கொடியிலும் அதன் இனத்துக் கொடிகளிலும்தான் வளரும். தோட்டத்தைச் சுற்றி அந்தக் கொடிகளை அறுத்துவிடுங்கள். விழுந்த பழத்தைப் பொறுக்கிப் புதையுங்கள், அந்த வாசனைக்கும் வரும். சாயங்காலம் புகை போடுவது பழைய முறை, இன்னும் வேலை செய்கிறது. பத்து மரம்தான் என்றால் பழத்துக்குப் பை மாட்டிவிடலாம்.

மாடியில் தொட்டியில் ஒரே செடி. இவ்வளவும் செய்யணுமா?

வேண்டாம். அசுவினி வந்தால் குழாய்த் தண்ணீரை விரலால் அழுத்திப் பீய்ச்சுங்கள், பாதி போய்விடும். செதிலைச் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தெடுக்கலாம், மாவுப்பூச்சிக்குப் பழைய பல் துலக்கும் பிரஷ். சோப்பு என்றால் காதி சோப்பு. துணி துவைக்கிற பவுடர் இலையைக் கருக்கும். தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, சுவரில் கொப்பு உரசாமல் பார்த்துக்கொண்டால் எறும்பும் குறையும்.

கீழ்ப்பழனி மலையில் காபிக்குள் ஆரஞ்சு வைத்திருக்கிறோம். எங்களுக்கும் இதே முறைதானா?

ஏறக்குறைய இதேதான், ஆனால் உங்களுக்கு எறும்பு வேலை இரட்டிப்பு. பச்சைச் செதிலும் மாவுப்பூச்சியும் காபிக்கும் ஆரஞ்சுக்கும் பொது. ஒன்றில் அடக்கினால் இன்னொன்றிலிருந்து வரும். எறும்பை இரண்டிலும் சேர்த்தே கட்டுப்படுத்த வேண்டும். நிழலும் ஈரமும் அதிகம் என்பதால் செதிலையும் மாவுப்பூச்சியையும் தாக்கிக் கொல்கிற வெர்டிசிலியம் பூஞ்சாணம் உங்கள் மலையில் நன்றாகப் பிடிக்கும், லிட்டருக்கு ஐந்து கிராம், மழைக்காலத்துச் சாயங்காலத்தில். சமவெளியில் கோடையில் அதை அடிப்பது வீண்செலவு. வைரஸும் பசுமையாதலும் அந்தப் பக்கத்து ஆரஞ்சை ஏற்கனவே பெருமளவு குறைத்துவிட்டதால், புதுக்கன்று வைக்கும்போது தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வையுங்கள்.

மருந்தடித்து எத்தனை நாளில் காய் பறிக்கலாம்?

லேபிளில் காத்திருப்புக் காலம் என்று போட்டிருக்கும், மருந்துக்கு மருந்து மாறும். எலுமிச்சையில் சிக்கல் என்னவென்றால் சீசனில் வாரத்துக்கு ஒரு தடவை, சில தோட்டங்களில் இரண்டு தடவைகூடப் பறிப்போம். பதினைந்து நாள் காத்திருக்கச் சொல்கிற மருந்தை அடித்தால் இரண்டு மூன்று பறிப்பு போயிற்று. பங்குனி, சித்திரையில் விலை ஏறி நிற்கும்போது யாரும் காத்திருக்க மாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதனால் வீரிய மருந்து தேவைப்பட்டால் பறிப்பு இல்லாத மாதத்துக் கொழுந்திலேயே அதை முடித்துவிடுங்கள். பறிப்புக் காலத்தில் சோப்பு, வேப்பங்கொட்டைச் சாறு, கிரீஸ் பட்டை இவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். அப்போதும் காலையில் பறித்துவிட்டு, சாயங்காலம் அடியுங்கள்.